பள்ளியை மூடுவது என்றால் எதை மூடுவது?

2020 மார்ச் மாதத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அமெரிக்காவில் பள்ளிகளை மூடிவிட்டார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிறு வாக்கியத்துக்குள் பல குழப்பங்கள் ஒளிந்திருக்கின்றன. அமெரிக்கா என்ற நாடு ஓர் ஆணை போட்டுப் பள்ளிகளை மூடவில்லை. அப்படிப் போட அந்த நாட்டின் மத்திய அரசுக்கு அதிகாரமே இல்லை. 'மூடினார்கள்' என்ற சொல்லோ, வாயிற்கதவில் பூட்டைத் தொங்கவிட்டு ஆசிரியர்களும் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டதாக ஒரு தோற்றத்தைத் தருகிறது. உண்மையில், பூட்டு தொங்கிய அந்த வாரத்தில்தான் பள்ளி நிர்வாகங்கள் தங்கள் வரலாற்றிலேயே அதிகமாக வேலை பார்த்தன. பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் அமெரிக்கப் பள்ளி மாவட்டம் தற்காலிகமாக மூடப்படும்போது என்ன நடக்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள், எது நிற்கிறது, எது நிற்காமல் ஓட வேண்டியிருக்கிறது என்பதை முதன்முறையாகக் கேட்பவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

பள்ளி மாவட்டம் என்பது எது?

'மாவட்டம்' என்றதும் ஆட்சியர் அலுவலகம் நம் நினைவுக்கு வந்துவிடும். பள்ளி மாவட்டம் அப்படிப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள அரசுப் பள்ளிகளை நடத்துவதற்காகவே, பள்ளிகளை மட்டும் நடத்துவதற்காக, ஏற்படுத்தப்பட்ட தனி உள்ளாட்சி அமைப்பு அது. பெரும்பாலான இடங்களில் அதற்கென்று மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு. அந்த வாரியம் நியமிக்கும் தலைமை அதிகாரிக்குக் கண்காணிப்பாளர் என்று பெயர். சொத்து வரியில் ஒரு பங்கு, மாநில அரசின் நிதி, சிறிதளவு மத்திய நிதி ஆகியவற்றால் அது இயங்குகிறது. ஆசிரியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், சமையலறை ஊழியர்கள், செவிலியர்கள் எல்லோரும் அதன் பணியாளர்கள்.

இத்தகைய மாவட்டங்கள் அந்த நாட்டில் சுமார் 13,000 இருக்கின்றன. நியூயார்க் நகரத்தின் மாவட்டத்தில் 2020-இல் ஏறத்தாழ 11 லட்சம் மாணவர்கள் படித்தார்கள். ஒரே ஒரு பள்ளியை மட்டும் வைத்திருக்கும் மாவட்டங்களும் உண்டு. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம்தான். ஆகவே "பள்ளி மாவட்டம் என்ன செய்தது?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஆனால் எல்லா மாவட்டங்களும் எதிர்கொண்ட சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றே.

பனி பொழியும் காலையிலிருந்து தொடங்குவோம்

பெருந்தொற்றுக்கு முன்பே பள்ளியை மூடுவது இந்த மாவட்டங்களுக்குப் பழகிய வேலைதான். வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனி கொட்டும். கண்காணிப்பாளர் பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து, சாலைப் பனியை அகற்றும் துறையை அழைத்து, பேருந்துப் பணிமனையில் வண்டிகள் கிளம்புமா என்று விசாரித்து, வானிலை அறிக்கையைப் பார்த்து, முதல் பேருந்து புறப்படுவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். முடிவானதும் பெற்றோரின் தொலைபேசிக்குப் பதிவுசெய்த குரல் ஒன்று போகும்: "இன்று பள்ளி இல்லை." பிள்ளைகள் சறுக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அதற்குப் பனி நாள் என்று பெயர்.

பனி நாளை நிர்வகிப்பது எளிது. காரணம் கண்முன்னே கிடக்கிறது. எப்போது முடியும் என்பது தெரியும். இழந்த நாளை ஜூன் மாதத்தில் கூடுதலாக ஒரு நாள் நடத்தி ஈடுகட்டிவிடலாம். பெருந்தொற்றில் இவை எதுவும் இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரியாது, முடிவு நாள் தெரியாது, நாட்கள் மாதங்களாகும்போது ஈடுகட்ட ஜூன் போதாது. 2020 மார்ச்சில் பல மாவட்டங்கள் "இரண்டு வாரம்" என்று அறிவித்ததற்கு ஒரு காரணம், அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி பனி நாள் என்ற சிந்தனைதான் என்பது என் எண்ணம். அதே கருவியைச் சற்றே நீட்டிப் பார்த்தார்கள், நீளவில்லை.

மூடுவதால் நோய் எப்படிக் குறைகிறது?

இருபத்தைந்து பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் இருபத்தைந்து வீடுகள் வேறெந்த வகையிலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருக்கலாம். வகுப்பறை என்ற ஒரு முடிச்சில் அத்தனை வீடுகளின் இழைகளும் தினமும் கூடுகின்றன. மூடுவது அந்த முடிச்சை அவிழ்ப்பது.

இதை அளக்க ஓர் எண் உண்டு. தொற்று கண்ட ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அதைத் தருகிறார் என்பதைப் பரவல் எண் என்கிறோம். அது 2 என்றால், ஒருவரிடமிருந்து தொடங்கி, பத்தாவது சுற்றில் புதிதாகத் தொற்றுவோர் 1,024 பேர். தொடர்புகளைக் குறைத்து அதே எண்ணை 1.5 ஆக்கினால் பத்தாவது சுற்றில் சுமார் 58 பேர். எண்ணில் அரை குறைந்ததற்கே இத்தனை வேறுபாடு. நோய் மறைந்துவிடுவதில்லை, ஆனால் மருத்துவமனைப் படுக்கைகள் ஒரே வாரத்தில் நிரம்புவது தள்ளிப்போகிறது. மூடலின் முதன்மை நோக்கம் இந்தக் கால அவகாசம்தான். மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் வேறோர் இடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அவிழ்த்த முடிச்சு அங்கே மறுபடி விழுந்துவிடும்.

அடுத்தது நேரம். கொடியில் துணி காய்கிறது, வானம் கறுக்கிறது. மேகத்தைக் கண்டதும் துணியை எடுத்தால், மழை வராதபோது பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். முதல் துளி விழட்டும் என்று காத்திருந்தால் பாதித் துணி நனைந்துவிடும். பள்ளிக்குள் தொற்று வருவதற்கு முன்பே மூடுவது முன்கூட்டிய மூடல். உள்ளே நோயாளி இருப்பது உறுதியான பிறகு மூடுவது எதிர்வினை மூடல். முன்னது பயன் மிகுந்தது, ஆனால் அந்த நேரத்தில் அதை நியாயப்படுத்துவது கடினம். பின்னது நியாயமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் தாமதமானது.

இதில் வரலாறு இரு பக்கமும் பேசுகிறது. 1918 இன்ஃப்ளுயன்சா பெருந்தொற்றில் செயின்ட் லூயிஸ் நகரம் பள்ளிகளையும் பொதுக்கூடுகைகளையும் விரைவாக நிறுத்தியது. அதே காலத்தில் நியூயார்க்கும் சிகாகோவும் பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தன. நெரிசலான குடியிருப்புகளில் அடைந்துகிடப்பதைவிட, மருத்துவரும் செவிலியரும் கண்காணிக்கும் வகுப்பறையில் பிள்ளைகள் இருப்பதே மேல் என்பது நியூயார்க் நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்டின் வாதம். 43 நகரங்களின் 1918 பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, விரைவாகத் தொடங்கி, நீண்ட நாள் நீடித்து, பல தடைகளை ஒருசேரப் போட்ட நகரங்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. 2009-இல் எச்1என்1 காய்ச்சல் வந்தபோது, நோயாளி இருக்கும் பள்ளியைப் பதினான்கு நாட்கள் வரை மூடலாம் என்று மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் மே முதல் நாள் அறிவுரை தந்தது. நோய் அஞ்சிய அளவுக்குக் கொடியதாக இல்லை என்று தெரிந்ததும் மே 5 அன்று அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றது. 2020-இல் கண்காணிப்பாளர்கள் தயங்கியதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். துணியை எடுத்து வைத்தபின் மழை வராமல் போன அனுபவம் அது.

இதுவரை சொன்னதன் சாரம்: பள்ளி மாவட்டம் பள்ளிகளுக்கான தனி உள்ளாட்சி, மூடல் தொடர்புகளை அறுத்துப் பரவலை மெதுவாக்குகிறது, எப்போது மூடுகிறோம் என்பதே பாதிப் பயனைத் தீர்மானிக்கிறது.

சாவி யாரிடம்?

ஒரு கதவுக்கு மூன்று பூட்டுகள், மூன்று பேரிடம் மூன்று சாவிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சாவி கண்காணிப்பாளரிடமும் பள்ளி வாரியத்திடமும் இருக்கிறது. இரண்டாவது, அந்த வட்டாரத்தின் பொதுச் சுகாதார அதிகாரியிடம். தொற்று நோயைக் கட்டுப்படுத்த ஆணையிட அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. மூன்றாவது, அவசரநிலை அதிகாரங்களைக் கொண்ட, மாநில ஆட்சியின் தலைவரான ஆளுநரிடம். மத்திய அரசிடம் சாவி இல்லை. அதனிடம் இருப்பவை அறிவுரையும் பணமும் சட்ட விலக்குகளும்.

இதிலிருந்து அதிகம் பேர் கவனிக்காத ஒரு விளைவு பிறக்கிறது. கதவை மூட மூவரில் ஒருவர் பூட்டினால் போதும். திறக்க மூவரும் திறந்தாக வேண்டும். மூடல் ஒரே வாரத்தில் நடந்து முடிந்ததும், திறப்பு ஓராண்டுக்கு மேல் இழுத்ததும் இதனால் ஓரளவு விளங்கும்.

2020-இல் இந்தச் சாவிகள் கீழிருந்து மேலாகத் திரும்பின. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலுக்கு அருகிலுள்ள நார்த்ஷோர் பள்ளி மாவட்டம் பிப்ரவரி இறுதியில் ஒரு பள்ளியை மட்டும் மூடித் தூய்மைப்படுத்தியது. மார்ச் 5 முதல் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளையும் மூடியது. நாட்டிலேயே முதலில் முழுமையாக மூடிய பெரிய மாவட்டங்களில் அது ஒன்று. மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று அறிவித்தது. மறுநாள் ஒகையோ ஆளுநர் மைக் டிவைன் மாநிலப் பள்ளிகள் அனைத்தையும் மூடும் ஆணையை அறிவித்தார். மாநில அளவில் அதுவே முதல் அறிவிப்பு. நியூயார்க் நகர மேயர் பில் டி பிளாசியோ மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை மாலைதான் மூடலை அறிவித்தார். மார்ச் 17 அன்று கான்சாஸ் மாநிலம் அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் கட்டிடங்களை மூடியது. மாத இறுதிக்குள் ஏறத்தாழ ஐந்து கோடி அரசுப் பள்ளி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். மறுபக்கம், மொண்டானா மாநிலம் மே 7-க்குப் பின் திறப்பதா வேண்டாமா என்பதை உள்ளூர் வாரியங்களிடமே விட்டது. அங்கே சில சிறு பள்ளிகள் அந்தக் கோடைக்கு முன்பே திறந்தன.

சட்டப் புத்தகத்தில் இல்லாத நான்காவது சாவி ஒன்றும் உண்டு: ஆசிரியர் சங்கம். 2022 ஜனவரியில் சிகாகோவில், நேரடி வகுப்புக்கு வரமாட்டோம், இணையவழியில் நடத்துவோம் என்று சங்கம் வாக்களிக்க, மாவட்டம் வகுப்புகளையே நிறுத்த, ஐந்து பள்ளி நாட்கள் போயின.

முதல் கவலை பாடமன்று, உணவு

மூடல் என்றதும் படிப்பு கெடுமே என்றுதான் வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். மாவட்ட அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி வேறு: நாளை மதியம் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவார்கள்?

1946-இல் சட்டமான தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் கீழ், பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டில் ஒவ்வொரு பள்ளி நாளும் ஏறத்தாழ மூன்று கோடிப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது இலவசம், அல்லது குறைந்த விலை. அவர்களில் பலருக்கு நாளின் உறுதியான உணவு அது ஒன்றுதான். நியூயார்க் நகரம் மூடுவதற்கு அத்தனை நாள் தயங்கியதில் இதற்குப் பங்கு உண்டு. அந்த மாவட்டத்தில் நிலையான வீடில்லாத மாணவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்.

உணவைத் தருவதற்கு விதிகளே தடையாக நின்றன. பிள்ளைகள் குறிப்பிட்ட இடத்தில் கூடி உட்கார்ந்து சாப்பிட்டால்தான் மத்திய வேளாண் துறை அந்த உணவுக்குப் பணம் தரும். கூட்டம் சேரக்கூடாது என்பதற்காகப் பள்ளியை மூடிவிட்டு, கூடி உட்கார்ந்தால்தான் சோறு என்று சொல்வது எப்படி? இங்கேதான் விலக்கு என்ற சொல் வருகிறது. ஒரு விதியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின்பற்றத் தேவையில்லை என்று அதிகாரமுள்ள அமைப்பு எழுத்துமூலம் அனுமதிப்பதே விலக்கு. பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், பிள்ளை உடன் வராமல் பெற்றோர் மட்டும் வந்து வாங்கலாம், ஒரே நேரத்தில் பல நாளுக்கான உணவைத் தரலாம் என்று அடுக்கடுக்காக விலக்குகள் வந்தன.

களத்தில் அது எப்படி இருந்தது என்றால், வழக்கமாகப் பிள்ளைகளை இறக்கிவிடும் வளைவுப் பாதையில் கார்கள் வரிசையாக நிற்கும். முகக்கவசமும் கையுறையும் அணிந்த சமையலறை ஊழியர் ஒருவர், கார்க் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி எத்தனை பிள்ளைகள் என்று விரலால் கேட்பார். உள்ளிருப்பவரும் விரலால் காட்டுவார். காரின் பின்கதவு திறக்கும், பால் பெட்டியும் பழமும் ரொட்டியும் அடங்கிய பைகள் உள்ளே போகும், கதவு மூடும், அடுத்த கார். கார் இல்லாதவர்களுக்காகப் பல மாவட்டங்களில் மஞ்சள் பேருந்துகள் பிள்ளைகளுக்குப் பதிலாக உணவுப் பைகளை ஏற்றிக்கொண்டு அதே வழித்தடத்தில், அதே நிறுத்தங்களில் நின்று நின்று போயின. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் மூடிய சில நாட்களிலேயே சுமார் 60 இடங்களில் இப்படிப்பட்ட மையங்களைத் திறந்தது. இதோடு, இலவச உணவுக்குத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு, இழந்த ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் 5.70 டாலர் என்ற கணக்கில் உணவுப் பொருள் வாங்கும் அட்டையில் பணம் போடவும் 2020 மார்ச் 18 அன்று கையெழுத்தான சட்டம் வழி செய்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் பள்ளியின் வேலைகளுள் ஒன்று என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. மருத்துவமனைச் செவிலியரின் பிள்ளை வீட்டில் தனியாக இருந்தால் செவிலியரும் வீட்டில்தான் இருப்பார். பரவலைத் தடுக்க மூடிய மூடல், நோயாளியைக் கவனிக்கும் கையைப் பிடித்து இழுத்துவிடும். அதனால் நியூயார்க் நகரம் மார்ச் 23 முதல் மருத்துவத் துறையினர், தீயணைப்பு வீரர்கள் போன்றோரின் பிள்ளைகளுக்காகச் சில கட்டிடங்களைத் தனி மையங்களாகத் திறந்து வைத்தது. மூடிய மாவட்டத்துக்குள் திறந்த பள்ளிகள்.

பாடம்: கருவி, இணைப்பு, சட்டம்

இணையவழி வகுப்பு என்றால் ஆசிரியர் திரையில் தோன்றிப் பாடம் நடத்துவது என்று நினைக்கிறோம். அதற்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன: பிள்ளையிடம் கருவி இருக்க வேண்டும், வீட்டில் இணையம் வேண்டும், பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும்.

முதல் படி பணத்தால் தீர்ந்தது. மாவட்டங்கள் குரோம்புக் மடிக்கணினிகளையும் ஐபேடுகளையும் வாங்கி, உணவு வரிசையிலேயே சேர்த்துக் கொடுத்தன. இரண்டாவது படி அத்தனை எளிதன்று. மலைப்பகுதியில் சிக்னல் இல்லாத வீட்டுக்கு மடிக்கணினி வெறும் பலகை. இணைய இணைப்பைத் தரும் கையடக்க ஹாட்ஸ்பாட் கருவிகளைக் கொடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் மாவட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிப் பேருந்துகளில் வைஃபை பொருத்திக் குடியிருப்புகளின் ஓரத்தில் நிறுத்தியது. வேறு வழியில்லாத இடங்களில் அச்சடித்த பாடத்தாள்களைக் கட்டிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது படியில்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்ட விஷயம் இருக்கிறது. சில மாவட்டங்கள் மார்ச்சில் கருவியும் ஆசிரியரும் இருந்தும் பாடம் நடத்தவில்லை. முன்னோடியான நார்த்ஷோரே தொடங்கிய இணையவழி வகுப்புகளைச் சில நாட்களில் நிறுத்தி வைத்தது. இதைச் சோம்பல் என்று பழித்தவர்கள் உண்டு. காரணம் சட்டம்.

மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் என்ற ஆவணம் எழுதப்பட வேண்டும் என்பது 1975 முதல் நடைமுறையிலிருக்கும் மத்தியச் சட்டம். அந்தப் பிள்ளைக்கு வாரம் எத்தனை மணிநேரம் பேச்சுப் பயிற்சி, எவ்வளவு உடற்பயிற்சிச் சிகிச்சை, உடனிருந்து உதவ யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் தராவிட்டால் மாவட்டம் சட்டத்தை மீறியதாகும். நாடு முழுவதும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துகிறது. மத்தியக் கல்வித் துறை மார்ச் 12 அன்று தந்த விளக்கம் இப்படி இருந்தது: மாவட்டம் யாருக்குமே பாடம் நடத்தாமல் முழுமையாக மூடினால், அந்த நாட்களில் இந்த மாணவர்களுக்கும் சேவை தரத் தேவையில்லை, ஆனால் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினால், இவர்களுக்கும் சமமான வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும். ஒரு குழந்தையின் நாக்கையும் உதட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டிய பேச்சுப் பயிற்சியைத் திரை வழியே எப்படித் தருவது என்று தெரியாத சில மாவட்டங்கள், எல்லோருக்கும் தர முடியாததை யாருக்கும் தராமலிருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்தன. மார்ச் 21 அன்று துறை ஒரு கூடுதல் விளக்கத்தை வெளியிட்டு, சட்டத்தைக் காரணம் காட்டி யாரும் இணையவழிக் கற்பித்தலைத் தவிர்க்க வேண்டாம், இயன்ற வழிகளில் நடத்துங்கள், விடுபட்ட சேவையைப் பின்னர் ஈடுசெய்யலாம் என்று தெளிவுபடுத்தியது. சமத்துவத்துக்காக எழுதப்பட்ட சட்டம் சில வாரங்களுக்கு எல்லோரையும் சமமாகக் காத்திருக்க வைத்தது. சட்டத்தின் மீது குறை சொல்வதைவிட, இப்படி ஒரு நாள் வரும் என்று எவரும் அதற்கு முன் யோசித்துப் பார்க்காததைத்தான் குறையாகச் சொல்லத் தோன்றுகிறது.

தேர்வும் மதிப்பெண்ணும் ஒப்பீட்டளவில் சுலபமாகத் தீர்ந்தன. மத்தியச் சட்டம் கோரும் ஆண்டுத் தேர்வுகளுக்கு மார்ச் 20 அன்று விலக்கு அறிவிக்கப்பட்டது. மூடிய நாளன்று இருந்த மதிப்பெண் உயரலாம், குறையக் கூடாது என்று பல மாவட்டங்கள் விதி வகுத்தன.

சுருங்கச் சொன்னால், மாவட்டம் மூடியது கட்டிடத்தை மட்டுமே. உணவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளல், பாடம், சிறப்புக் கல்வி ஆகிய ஒவ்வொன்றுக்கும் கட்டிடத்துக்கு வெளியே புதிய வழி தேட வேண்டியிருந்தது, ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலக்கோ விளக்கமோ தேவைப்பட்டது.

நாள் கணக்கும் பணக் கணக்கும்

பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டுக்கு 180 நாட்கள், அல்லது அதற்கு இணையான மணிநேரங்கள், நடந்தாக வேண்டும். குறைந்தால் மாநில நிதி குறையும். கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நிதி சராசரி வருகையைப் பொறுத்தது. அதாவது, தினமும் எத்தனை மாணவர்கள் உண்மையில் வந்தார்கள் என்பதன் சராசரிதான் மாவட்டத்தின் வருமானம். எவரும் வராத மூன்று மாதத்தில் அந்தச் சராசரி என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே மாநிலங்கள் முந்தைய வருகையையே கணக்கில் கொள்வதாக உறுதியளித்தன. கலிஃபோர்னியா ஆளுநர் மார்ச் 13 அன்றே அதற்கான ஆணையில் கையெழுத்திட்டார். இந்த உறுதி கிடைக்காமல் மூடச் சொல்வது, மாவட்டத்தைத் தன் சம்பளத்தைத் தானே வெட்டிக்கொள்ளச் சொல்வதற்குச் சமம்.

மத்திய அரசின் உதவி மூன்று தவணைகளில் வந்தது: 2020 மார்ச்சில் சுமார் 1,320 கோடி டாலர், அதே ஆண்டு டிசம்பரில் சுமார் 5,430 கோடி, 2021 மார்ச்சில் சுமார் 12,200 கோடி. முதல் தவணையை வகுத்த சட்டம், பணம் பெறும் மாவட்டங்கள் ஊழியர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் இயன்றவரை தொடர்ந்து சம்பளம் தர வேண்டும் என்றும் கூறியது. பேருந்து ஓட்டுநர்களை நீக்கிவிட்டால், திறக்கும் நாளன்று வண்டி ஓட்ட ஆள் இருக்காது என்பதுதான் அதிலுள்ள நடைமுறை அறிவு.

திறப்பது

கட்டிடத்தை மீண்டும் திறப்பது பூட்டைக் கழற்றும் வேலையன்று. பல வாரம் மூடிக் கிடந்த கட்டிடத்தின் குழாய்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரலாம். ஆகவே ஊழியர் ஒருவர் ஒவ்வொரு கழிப்பறையாக, ஒவ்வொரு குடிநீர்க் குழாயாகப் போய்த் திறந்துவிட்டுப் புதுநீர் வரும்வரை நிற்க வேண்டும். காற்றோட்டக் கருவிகளையும் பார்க்க வேண்டும். நாட்டின் 41 சதவீத மாவட்டங்கள் தங்கள் பள்ளிகளில் குறைந்தது பாதியிலாவது அந்தக் கருவிகளைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருப்பதாக மத்தியத் தணிக்கை அலுவலகம் 2020 ஜூனில் தெரிவித்திருந்தது.

அடுத்து இடைவெளி. மாணவர்களுக்கிடையே ஆறடி என்று விதித்தால், ஒரு வகுப்பறையில் வழக்கமான எண்ணிக்கையில் பாதிப் பேருக்குத்தான் இடமிருக்கும். அதனால் பல மாவட்டங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் திங்கள் செவ்வாயிலும் மறு பாதியை வியாழன் வெள்ளியிலும் வரச்சொல்லி, மற்ற நாட்களில் இணையவழியில் நடத்தின. இதுவே கலப்பு முறை. 2021 மார்ச் 19 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையம், பெரும்பாலான வகுப்பறைகளில் மூன்றடி போதும் என்றது. தாளில் ஒரே ஓர் எண் மாறியதும், பல பள்ளிகளில் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர முடிந்தது.

எப்போது திறப்பது, எப்போது மறுபடி மூடுவது என்பதற்கு மாவட்டங்கள் வரம்பு எண் என்ற ஒன்றைப் பயன்படுத்தின. வீட்டு மேல்தொட்டியில் நீர் ஒரு கோட்டைத் தொட்டதும் மோட்டார் தானாக நிற்பதைப் போன்றது அது. ஒவ்வொரு நாளும் விவாதித்துக்கொண்டிருக்காமல், எந்தக் கோட்டைத் தொட்டால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது. நியூயார்க் நகரம், பரிசோதனை செய்துகொண்டவர்களில் தொற்று உறுதியானவர்களின் ஏழு நாள் சராசரி 3 சதவீதத்தைத் தொட்டால் மூடுவோம் என்று அறிவித்திருந்தது. 2020 நவம்பர் 18 அன்று அது தொட்டது. மறுநாளே பள்ளிகள் மூடப்பட்டன, உணவகங்களின் உட்புற மேசைகள் திறந்திருக்கும்போதே. அந்த விகிதம் நகரம் முழுவதற்குமானது. பள்ளிகளுக்குள் எடுத்த பரிசோதனைகளில் விகிதம் அதைவிட மிகக் குறைவு. பெற்றோர் கொதித்தார்கள். டிசம்பர் 7 முதல் சிறு வகுப்புகள், அந்தப் பழைய கோட்டைக் கைவிட்டுவிட்டு, மீண்டும் திறந்தன. வரம்பு எண்ணின் வலிமை அது தானாக இயங்குவது. அதன் பலவீனமும் அதுவேதான். தவறான இடத்தில் கோட்டைப் போட்டிருந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.

மூடலின் விலை பின்னால்தான் தெரிந்தது. 2022-இல் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் எட்டாம் வகுப்புக் கணிதச் சராசரி 2019-ஐவிட 8 புள்ளிகளும், நான்காம் வகுப்பில் 5 புள்ளிகளும் குறைந்தன. அந்தக் கணிதத் தேர்வின் வரலாற்றில் அதுவே மிகப்பெரிய சரிவு. நீண்ட நாள் மூடியிருந்த இடங்களில் மட்டுமல்லாமல், சீக்கிரம் திறந்த இடங்களிலும் சரிவு இருந்ததால், முழுப் பழியையும் மூடல் மீது மட்டும் போட முடியாது. மூடலுக்கு அதில் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது.

பனி நாளுக்கு நேர்ந்தது தனிக் கதை. எல்லாப் பிள்ளைகளிடமும் கருவி இருக்கிறது, ஆசிரியர்களுக்குத் திரை வழியே நடத்தத் தெரியும் என்றான பிறகு, பனி பொழிந்தால் பள்ளியை ஏன் முழுமையாக நிறுத்த வேண்டும் என்று நியூயார்க் நகரம் கேட்டது. 2020 செப்டம்பரில் வெளியிட்ட நாட்காட்டியிலேயே பனி நாளை எடுத்துவிட்டு, அன்று இணையவழி வகுப்பு என்று போட்டது. 2024 பிப்ரவரி 13 அன்று பெரும்பனி கொட்டியபோது நகரத்துப் பள்ளிகள் அப்படியே இணையத்துக்கு மாறின. காலையில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உள்நுழைய முயன்றார்கள்; பலருக்கும் திரை திறக்கவில்லை.